பொருள் கேட்பதில் வெட்கம் வேண்டா

சர்க்கரை நோய் என்னும் பெயரே பலரைத் தவறான எண்ணத்திற்கு இட்டுச் செல்கிறது. காப்பியில் சர்க்கரையை நிறுத்தினால் போதும் என்று கருதி, அதற்கு ஈடாக நாட்டுச் சர்க்கரையையும் கருப்பட்டியையும் தேனையும் சேர்த்துக்கொள்வோரை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். காலையில் உண்ணும் இட்லியும் மதியம் உண்ணும் சோறும் செரித்தபின் குளுக்கோஸாகவே இரத்தத்தில் கலக்கின்றன என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே அவர்கள் அறிகிறார்கள். அறிந்ததும் தலை குனிகிறார்கள். மயிலாப்பூரின் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும், தியாகராய நகரின் தேர்ந்த வணிகர்களும் இதற்கு விலக்கல்லர்.

இது தனி மனிதரின் குறையன்று. சென்னையில் 26,001 பேரிடம் நடத்தப்பட்ட ஆய்வு ஒன்று 2005ஆம் ஆண்டு வெளியாயிற்று. நீரிழிவு என்றொரு நோய் இருப்பதையே ஏறத்தாழ நால்வரில் ஒருவர் அறிந்திருக்கவில்லை. தமக்கு அந்நோய் உண்டு என்று கூறியவர்களுள்ளும் 40.6 விழுக்காட்டினர் மட்டுமே, அதனால் வேறு பாதிப்புகள் வரக்கூடும் என்பதை அறிந்திருந்தனர். ஆண்டுகள் பல கடந்தும் அதே ஐயங்கள் எங்கள் அறைகளில் இன்றும் எழுகின்றன. அவற்றுள் மூன்று சொற்களை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

முதலாவது, 'நார்மல்'. பரிசோதனை முடிவு நார்மல் என்றால், மருந்தும் உணவுக் கட்டுப்பாடும் சேர்ந்து நோயை அடக்கி வைத்திருக்கின்றன என்று பொருள். நோய் நீங்கிவிட்டது என்று எண்ணித் தாமாகவே மாத்திரையை நிறுத்தலாகாது. இரத்த அழுத்தத்திற்கும் இது பொருந்தும்.

இரண்டாவது, 'மூன்று மாதச் சராசரி'. எச்பிஏ1சி என்னும் பரிசோதனை, முந்தைய இரண்டு மூன்று மாதங்களின் சர்க்கரை அளவைக் காட்டுவது. பரிசோதனைக்கு முன் இரண்டு நாள் பட்டினி கிடந்து அதை மாற்றிவிட முடியாது.

மூன்றாவது, 'லோ சுகர்'. குறைந்தால் நல்லதுதானே என்று மகிழ்வோர் உண்டு. ஆனால் 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்குவது ஆபத்து. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, குழப்பம் ஆகியன அதன் அறிகுறிகள். அப்போது மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து உடனே பருகவேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து அளவை மீண்டும் பார்க்கவேண்டும். நாள்தோறும் விலக்கிய பொருளே அவ்வேளையில் மருந்தாகிறது. நினைவிழந்தவரின் வாயில் எதையும் புகட்டாமல் 108ஐ அழைக்கவேண்டும். ஏகாதசி, கிருத்திகை, ரமலான் நோன்புகளுக்கு முன் மருந்தின் அளவைக் கேட்டறிவது மிகவும் இன்றியமையாதது. உணவின்றி வழக்கமான அளவில் இன்சுலின் போட்டுக்கொள்வது உயிருக்கே ஊறு விளைவிக்கலாம்.

இச்சொற்களின் பொருளைப் பலர் கேட்காமல் இருப்பதற்குக் காரணம் சோம்பல் அன்று, வெட்கமே. இத்தனை ஆண்டு நோயுடன் வாழ்ந்துவிட்டு இப்போது கேட்டால் என்ன நினைப்பார்களோ என்ற தயக்கம் அது. அத்தயக்கத்தைப் போக்கும் பொறுப்பு முதலில் மருத்துவர்களுடையது என்பதே எங்கள் கருத்து. "புரிந்ததா?" என்று கேட்டால் எவரும் தலையசைப்பார். "வீட்டிற்குப் போய் இம்மருந்தை எப்படி எடுத்துக்கொள்வீர்கள், சொல்லுங்கள்" என்று கேட்டால்தான் எது புரிந்தது, எது விடுபட்டது என்பது வெளிப்படும். புறநோயாளிகள் வரிசை நீளும்போது இதற்கு நேரம் ஏது என்று எங்கள் சக மருத்துவர்கள் கேட்பதுண்டு. வரிசை நீளமானதுதான். எனினும், நோயாளி மயங்கிய நிலையில் நள்ளிரவில் அவசரப் பிரிவுக்குக் கொண்டுவரப்படுவதைத் தடுக்க இரண்டு நிமிடம் செலவிடுவது மிகையாகாது.

வாசகர்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வரும்போது, பொருள் தெளிவாகத் தெரியாத சொற்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். உங்களுக்குச் சமைப்பவரையும் மருந்து எடுத்துத் தருபவரையும் உடன் அழைத்து வாருங்கள். லோ சுகர் வரும் வேளையில் செயல்பட வேண்டியவர்கள் அவர்களே. ஏற்கெனவே கேட்ட கேள்வியை மீண்டும் கேட்டாலும் நாங்கள் மீண்டும் விளக்குவோம்.