மறுமொழி கூறாத நிலையம்

“எல்லாவற்றையும் யந்திரமே செய்து முடிக்குமெனின், மனிதன் அங்கே எதற்கு, சேர்?”

சென்ற வாரம் எமது வகுப்பில் மாணவன் ஒருவன் எழுப்பிய வினா இது. விண்வெளி நிலையத்துக்குச் செல்லும் கலங்கள் இக்காலத்திற் பெரும்பாலும் தாமாகவே அதனை அணுகித் தாமாகவே இணைந்துகொள்கின்றன எனப் பாடத்திடையே கூறிவிட்டோம். அதனால் வந்த வினை. மணி அடித்தது, தப்பினோம். அன்று சொல்லாத விடையை நேயர்களுக்கு இங்கே சொல்லுகின்றோம்.

சல்யூட் 7 என்பது சோவியத் நாடு 1982ஆம் ஆண்டு ஏப்ரிலில் விண்ணுக்கு அனுப்பிய நிலையம். ஏறக்குறைய 20 தொன் எடையுடையது. 1985 பெப்ரவரி 11ஆந் தேதி, உள்ளே ஆளில்லாதிருந்த வேளையில், அது தரையுடன் பேசுவதை நிறுத்திக்கொண்டது. எத்தனை முறை அழைத்தும் மறுமொழி இல்லை.

இரு கை தட்டினாலன்றோ ஓசை எழும்? விண்ணில் இணைதலும் அத்தகையதே. வழக்கமாக, வருகின்ற கலத்துக்கு நிலையம் வானொலி மூலம் தான் இருக்கும் இடத்தை உணர்த்தும். இணைவாயிலை அதன் பக்கமாகத் திருப்பியும் கொடுக்கும். செத்த நிலையம் இவற்றுள் எதனையும் செய்யாது.

மற்றுமொரு தொல்லையும் உண்டு. முன்னே செல்பவனைப் பிடிக்க விரைந்து மிதி என்பது சைக்கிள்காரன் கணக்கு. விண்ணிலோ வேகத்தைக் கூட்டினாற் கலம் மேலே ஏறும். மேலுள்ள பாதை நீண்டது, ஓட்டமும் அங்கே மெல்லியது. ஆகவே கலம் பின்தங்கிப் போகும். சற்று வேகங் குறைத்துத் தாழ்ந்தால்தான் முன்னே செல்வதை எட்டலாம். 1965இல் ஜெமினி 4 கலத்தைச் செலுத்திய அமெரிக்கர் மக்டிவிற், கழன்று மிதந்த றொக்கெற் பகுதியை நோக்கி நேரே விரைந்து பார்த்து, அதை அணுக முடியாமல் இப்பாடத்தைக் கற்றார். எம் மாணவர் இதனை நம்புவதற்கு இரண்டு பாடவேளை பிடிக்கும்.

நிலையத்தை மீட்க விளாதிமிர் ஜானிபெக்கோவும் விக்டர் சவினிக்கும் தெரிந்தெடுக்கப்பட்டனர். முன்னவர், 1982இல் தானியங்கி முறை பழுதுற்ற சமயம், கையாற் செலுத்தி இதே நிலையத்திற் கலத்தை இணைத்தவர். பின்னவர் நிலவளவையியல் கற்றவர். பிற்காலத்தில் மொஸ்கோவில் அத்துறைக்குரிய பல்கலைக்கழகத்தின் தலைவராயிருந்தார். எம் தொழிலுக்கு அணித்தான ஒருவர் என்பதில் எமக்குச் சிறு பெருமை!

யூன் 6ஆந் தேதி அவர்கள் சோயுஸ் டி-13 கலத்திற் புறப்பட்டனர். தரையிலுள்ள ராடர்கள் நிலையத்தின் அண்மை வரை வழிகாட்டின. அதன்பின் கண்ணும் கையுமே துணை. சவினிக், லேசர் ஒளியால் தூரமளக்கும் கைக்கருவியை யன்னலூடே பிடித்து எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தார். 200 மீற்றர் தொலைவிற் கலத்தை நிறுத்தினர். நிலையத்தின் சூரியத் தகடுகள் ஒன்றுக்கொன்று கோணலாய் நின்றன. உள்ளே மின்சாரம் சிறிதும் இல்லை என்பதற்கு அதுவே சாட்சி. எரிபொருளோ அளவானது; பிழைத்தால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான். ஜானிபெக்கோவ் நிலையத்தைச் சுற்றிச் சென்று முன்வாயிலை அடைந்து, யூன் 8ஆந் தேதி மெல்லக் கொண்டுபோய்ப் பொருத்தினார்.

நச்சுப்புகை இருக்கலாமென முகமூடி அணிந்தே உட்சென்றனர். கும்மிருட்டு, சுவரெங்கும் உறைபனி. குளிரை அறியச் சுவரில் எச்சில் துப்பிப் பார்த்தனர். சில செக்கனில் உறைந்துபோயிற்று. (வகுப்பில் இதைச் சொல்வதா என்று இன்னும் யோசிக்கின்றோம்.) மின்விசிறி ஓடவில்லை. எடையற்ற அவ்விடத்திற் சூடான காற்று தானே மேலெழாது. விட்ட மூச்சு முகத்தருகிலேயே தங்கும். தன் மூச்சே தனக்கு நஞ்சாகும் நிலை அது. குடிநீரும் பனிக்கட்டியாய்க் கிடந்தது. கொண்டுவந்த நீரோ சில நாளைக்கே போதும்.

எட்டு மின்கலத் தொகுதிகளில் இரண்டு முற்றாகக் கெட்டிருந்தன. மற்றை ஆறையும், கம்பிகளைக் கையால் முறுக்கிச் சூரியத் தகடுகளுடன் நேரே தொடுத்தனர். பின்னர் தம் கலத்தின் பொறிகளை இயக்கி, முழு நிலையத்தையும் சூரியன் பக்கமாகத் திருப்பினர். சிறிது சிறிதாக மின்சாரம் ஏறிற்று. இவ்வளவுக்கும் மூலகாரணம், மின்கலம் நிரம்பிவிட்டது எனப் பொய்யாக அறிவித்த சிறு உணர்கருவி ஒன்றே!

வெப்பம் வந்ததும் பனி உருகியது, எங்கும் ஈரம். கந்தை போதவில்லை. வீரர் இருவரும் தம் வேலை உடுப்புகளைக் கிழித்துச் சுவர்களைத் துடைத்தனர்.

யூன் 23ஆந் தேதி, நீரும் எரிபொருளும் சுமந்துகொண்டு புறோகிறஸ் 24 என்னும் ஆளில்லாச் சரக்குக் கலம் வந்தது. நிலையம் இப்பொழுது மறுமொழி கூறியது. அக்கலம் தானாகவே வந்து இணைந்துகொண்டது.