யார் செய்தது என்னும் கேள்வி

மும்பையில் தாராவியை ஒட்டி ஓடிவரும் மித்தி ஆறு மாஹிம் கழிமுகத்தில் கடலோடு கலக்கிறது. இந்தி மொழியில் அப்பெயர் இனிப்பைக் குறிக்கும். நகரத்தின் கழிவையெல்லாம் சுமந்துவரும் அவ்வாற்றைக் கண்டவர்க்கு இது வேடிக்கையாகவே தோன்றும். 2006ஆம் ஆண்டு ஆகஸ்டு 18ஆம் நாள் அக்கழிமுகத்தருகே கடல்நீர் இனித்துவிட்டது என்னும் செய்தி பரவிற்று. பெருந்திரளான மக்கள் புட்டிகளோடு வந்து குவிந்தனர். சிறுவரும் முதியோரும் அந்நீரைப் பருகினர். அங்கு அடக்கமாகியுள்ள மகான் மக்தூம் அலி மாஹிமியின் அருளே இதற்குக் காரணம் என்று பலர் கூறினர். குடிக்கவேண்டாமென அதிகாரிகள் எச்சரித்தும் பயன் சிறிதே. மறுநாள் உப்புச் சுவை திரும்பிவிட்டது.

இத்தகைய நிகழ்ச்சிகளுக்கு அறியாமையே காரணம் என்று கூறி அமைந்துவிடுவது நம்மவர் வழக்கம். அது போதிய விடையன்று என்பது எனது கருத்து. மாஹிமில் கூடிய மக்களின் நாக்கு பொய் சொல்லவில்லை. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உள்ளது. அதன் எடை சுமார் 1,025 கிராம். நன்னீர் அதனினும் இலேசானது. ஆதலின் கடல்நீரின்மீது சிறிது நேரம் மிதந்து நிற்கும். பருவமழையால் பாறைப் பிளவுகளில் தேங்கிய நன்னீர் வெளிப்பட்டு இவ்வாறு மிதந்திருக்கலாம் என்று மும்பையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் நிலவியல் அறிஞர் விளக்கினர். எனவே மக்கள் கண்டது மெய். “என்ன நிகழ்ந்தது?” என்று கேட்குமுன் “யார் செய்தது?” என்று அவர்கள் கேட்டதே இங்குக் கவனிக்கத்தக்கது.

அக்கேள்வி மனித மனத்தில் ஆழ வேரூன்றியது. 1944இல் ஹைடர், சிம்மல் என்னும் இரு உளநூலார், இரண்டு முக்கோணங்களும் ஒரு வட்டமும் அங்குமிங்கும் நகரும் சிறு திரைப்படம் ஒன்றைத் தயாரித்தனர். பார்த்ததை எழுதுமாறு 34 பேரைக் கேட்டபோது, ஒருவர் தவிர ஏனையோர் அனைவரும் அவ்வுருவங்களை உயிருள்ளவையாகவே வருணித்தனர். 1993இல் ஸ்டூவர்ட் கத்ரி என்னும் மானிடவியலார் சமயத்தின் தோற்றத்தையே இவ்வியல்பைக் கொண்டு விளக்க முற்பட்டார். புதரில் சருகு அசைந்தால் புலியென்று எண்ணி ஓடியவனுக்கு நட்டம் ஒன்றுமில்லை. காற்றென்று எண்ணி நின்றவன் ஒருமுறை தவறினாலும் மீளமாட்டான். நாம் ஓடியவர்களின் வழித்தோன்றல்கள்.

நமது மொழியே இதற்குச் சான்று பகரும். பெரியம்மையை நோயென்று கூறாமல் அம்மை என்றோம். நோய் தணிந்தால் தாய் இறங்கினாள் என்றோம். மொழிபெயர்ப்புப் பணியில் இருப்பவனாதலின் இச்சொல்லிடத்தே நான் பலமுறை தயங்கியதுண்டு. இந்தியாவில் பெரியம்மை கடைசியாகக் காணப்பட்டது 1975ஆம் ஆண்டு மே மாதத்தில். ஆயினும் தமிழ் நாட்டிலோ தாராவித் தமிழரிடையேயோ மாரியம்மன் வழிபாடு மறைந்துவிடவில்லை. அச்சம் மட்டுமே பக்தியின் வேர் என்போர் இதற்கு விடை கூறவேண்டும். அச்சத்திற்கும் பங்குண்டு என்பதை நான் மறுக்கவில்லை. டிராப்ரியாண்ட் தீவினர் அமைதியான காயலில் மீன்பிடிக்கையில் மந்திரம் எதனையும் நாடவில்லை என்றும், ஆபத்து மிக்க திறந்த கடலுக்குச் செல்கையில் விரிவான மந்திரச் சடங்குகளைச் செய்தனர் என்றும் மாலினோவ்ஸ்கி எழுதியுள்ளார்.

இவையெல்லாம் கடவுள் இல்லை என்பதற்கு நிரூபணமாகுமா? ஆகா. எதிரே நிற்பவருக்கும் மனம் உண்டென நாம் உணர்வது இதே ஆற்றலினால்தான். அங்கு அது தவறுவதில்லையே. நம்பிக்கை பிறந்த வழியை அறிவது வேறு, அதன் மெய்ம்மையை அறிவது வேறு. பின்னதைத் தீர்ப்பது நமது பணியன்று.

நமது பணி அந்தப் புட்டி நீரைப் பற்றியது. இனிப்பான நீர் தூய நீராகிவிடாது. வாந்திபேதியை விளைக்கும் கிருமிக்குச் சுவை இல்லை. இதனை நம்பிக்கையைப் பழிக்காமலே சொல்லலாம். மகானை நம்பும் தாய் நீரைக் காய்ச்சவும் இசைவாள்; மகானை ஏளனம் செய்பவன் சொன்னால் இசையமாட்டாள். அம்மை குத்தச் சென்றவர்களில் அம்மன் பெயரை இகழ்ந்தவர்க்குக் கதவு திறந்திருக்குமா என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

ஆசிரியர்கள் வகுப்பில் ஒரு கண்ணாடிக் குவளையில் பாதியளவு உப்புநீர் நிரப்பி, நீல மையிட்ட நன்னீரைக் கரண்டியின் முதுகு வழியே மெல்ல ஊற்றிக் காட்டுக. நீலம் மேலேயே நிற்கும். பின்னர்க் குவளையைச் சற்று அசைத்துவிட்டால் இரண்டும் ஒன்றாகும். மறுநாள் மாஹிம் நீர் மீண்டும் கரித்தது ஏன் என்பதை மாணவரே கூறிவிடுவர்.