அச்சு குத்தினால் படம் ஆகாதா?

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஓவிய ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். போன மார்கழியில் ஒருநாள் மாலை வீட்டுக்கு வந்தவர், மேசையில் காய்ந்துகொண்டிருந்த பொங்கல் வாழ்த்து அட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். வர்ணம் நன்றாக வந்திருக்கிறது என்றார். பிறகு சிரித்துக்கொண்டே, "ஆனா சார், கோடெல்லாம் ஸ்டாம்ப் வச்சுக் குத்தினதுதானே? இது எப்படிப் படம் ஆகும்? ஆபீஸ் பழக்கம் உங்களை இன்னும் விடல" என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். ஆனால் எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. அவருக்கு நேரில் சொல்லாத பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பது தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். தொட்டு எழுதும் பேனா, ஊதா மை, சாய்வான எழுத்து என்று கையெழுத்துக்கே தனி வகுப்பு இருந்தது. மை சிந்தினால் விரல் முட்டியில் அடி விழும். அந்தக் கையெழுத்துதான் பிற்காலத்தில் எழுத்தர் வேலையில் எனக்குப் பெயர் வாங்கித் தந்தது. முக்கியமான கடிதம் என்றால், "அவர்கிட்ட குடுங்க, அவர் எழுதட்டும்" என்பார்கள்.

ஓய்வுக்குப் பிறகு மனைவியின் ஊரான வடலூருக்கு வந்து சேர்ந்தோம். சில வருடங்களில் கை நடுங்கத் தொடங்கியது. வயதுக்கு வரும் நடுக்கம்தான், பயப்பட வேண்டாம் என்றார் மருத்துவர். ஒருநாள் ஓய்வூதியப் பணம் எடுக்கப் போனபோது, கையெழுத்து பொருந்தவில்லை என்று வங்கியில் தாளைத் திருப்பிக் கொடுத்தார்கள். மூன்று முறை போட்டுப் பார்த்தேன். மூன்றும் மூன்று விதமாக இருந்தன. கவுன்டரில் இருந்த பையன் மைப்பெட்டியை என் பக்கம் நகர்த்தி, "பெருவிரல் வச்சிடுங்க தாத்தா" என்றான். அவன்மேல் தவறு இல்லை, மரியாதையாகத்தான் சொன்னான். ஆனால் வாழ்நாள் முழுக்க எழுதியே சம்பாதித்தவன் நான். விரலில் ஒட்டிய ஊதா மையைத் துடைக்கக்கூடத் தோன்றாமல் வீட்டுக்கு வந்தேன்.

அந்த வருடம் நான் யாருக்கும் வாழ்த்து அனுப்பவில்லை. பிரெஞ்சுக்காரர்கள் வழக்கப்படி புத்தாண்டு வாழ்த்தை ஜனவரி முடியும் வரை அனுப்பலாம். அதனால் எங்களுக்கு வசதி. ஒரே அட்டையில் புத்தாண்டு, பொங்கல், சில வருடங்களில் தைப்பூசமும் அடங்கிவிடும். அட்டை வரவில்லை என்று ஒரே ஒருவன்தான் கேட்டான். பிரான்சில் குடியேறிவிட்ட என் வகுப்புத் தோழன் பிப்ரவரியில் போன் செய்து, "உன் அட்டை வரல. உடம்புக்கு என்ன?" என்றான். அவனுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தேன். அதை அவன் கணக்கிலேயே எடுத்துக்கொள்ளவில்லை.

அப்போதுதான் அச்சு நினைவுக்கு வந்தது. பேத்தி ஒரு ரப்பரில் பொங்கல் பானையைச் செதுக்கித் தந்தாள். 'பொங்கல்' என்ற சொல்லையும் செதுக்கினாள், ஆனால் கண்ணாடியில் தெரிவதுபோலத் திருப்பிச் செதுக்க மறந்துவிட்டாள். இத்தனை வருடம் ரப்பர் ஸ்டாம்போடு குடும்பம் நடத்திய நானும் அதைச் சொல்ல மறந்தேன்! இரண்டாவது முறை சரியாக வந்தது. அடுப்படியில் இன்னும் எளிய அச்சுகள் உண்டு. வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கினால் ஐந்து இதழ்ப் பூ. கீரைக்கட்டின் அடித்தண்டைச் சேர்த்து அறுத்தால் ரோஜா மாதிரி. காயின் ஈரத்தைத் துணியில் ஒற்றிவிட்டுச் சற்று உலரவிட வேண்டும், இல்லாவிட்டால் அச்சு குழம்பும்.

செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு நான் கெட்டுத் தெரிந்துகொண்ட சில விஷயங்கள்.

முதலாவது, காகிதத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். சாதாரண சார்ட் தாளில் தண்ணீர் பட்டால் அப்பளம்போல் வளைந்துவிடும். 300 ஜி.எஸ்.எம். கனமுள்ள பருத்திக் காகிதம் வாங்குங்கள். புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதத் தொழிற்சாலை 1959 முதல் இருக்கிறது. துணிக் கழிவிலிருந்து செய்கிறார்கள். ஓர் ஏ4 தாளைப் பாதியாக வெட்டி மடித்தால் இரண்டு அட்டை. வர்ணம் நன்றாகக் காய்ந்த பிறகே மடிக்க வேண்டும்.

வர்ணத்தில் சிக்கனம் பிடிக்கலாம். கேமல் ட்யூப் மூன்று போதும்: அல்ட்ராமரின் நீலம், லெமன் மஞ்சள், பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பு. நீலமும் மஞ்சளும் சேர்ந்தால் கரும்புத் தோகை. நீலமும் பழுப்பும் சேர்ந்தால் மார்கழிப் பனியின் சாம்பல். பழுப்பு தனியாக இருந்தால் மண்பானை.

அடுத்தது மை. அலுவலக ஸ்டாம்ப் பேடின் ஊதா மை தண்ணீர் பட்டவுடன் கரைந்து ஓடும். முதல் வருடம் பத்து அட்டை அப்படித்தான் போயிற்று. காய்ந்தபின் கரையாத பிக்மென்ட் மை கிடைத்தால் அச்சு முதலில், வர்ணம் பிறகு. ஊதா மைதான் இருக்கிறது என்றால் வரிசையை மாற்றுங்கள்: வர்ணம் முதலில், முழுக்கக் காய்ந்த பிறகு அச்சு. கரைவதையே பயன்படுத்தவும் முடியும். ஊதாப் பூவை அச்சிட்டு, ஈரத் தூரிகையால் கோட்டை உள்பக்கமாகத் தொட்டால் இதழுக்குள் நிறம் தானே பரவும்.

மெழுகுவத்தியால் காகிதத்தில் கோலம் போட்டு, மேலே நீல நீரைப் பூசினால் மெழுகு பட்ட இடம் வெள்ளையாகவே நிற்கும். பூசிய நீரின் பளபளப்பு அடங்கும் நேரத்தில் சில கல் உப்பைத் தூவிப் பாருங்கள். உப்பு நீரை இழுத்துக்கொண்டு நட்சத்திரம் நட்சத்திரமாகத் தடம் விடும். காய்ந்தபின் உப்பைத் தட்டிவிடலாம்.

தைப்பூச அட்டைக்கு ஜோதி வரைய ஆசைப்பட்டு மஞ்சளை மேலும் மேலும் அப்பிப் பாழாக்கியிருக்கிறேன். நீர்வர்ணத்தில் வெளிச்சம் என்பது காகிதத்தின் வெள்ளைதான். சுடர் இருக்கும் இடத்தைத் தொடாமல் விட்டுவிட்டுச் சுற்றிலும் மெல்லிய நிறத்தை ஒவ்வொரு பூச்சாக, ஒன்று காய்ந்த பிறகு அடுத்ததாகக் கூட்டிக்கொண்டே போனால் சுடர் தானாக எரியும். ஏழு திரை விலக்கி ஜோதி பார்த்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனி ஆசிரியர் கேள்விக்கு வருகிறேன். அலுவலகத்தில் அச்சு எதற்கு? எல்லாத் தாளும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதற்கு. என் மேசையில் நடப்பது வேறு. ஒரே பானையை இருபது தாளில் குத்துகிறேன், ஆனால் தண்ணீர் இருபதிலும் இருபது விதமாக ஓடுகிறது. எந்த அட்டை யாருக்கு என்று அப்போதே மனது பிரித்துவிடுகிறது. நேர்க்கோடு போட முடியாத கைக்கு அச்சு கோட்டைத் தருகிறது. கண்ணாடி போட்டுக்கொண்டு படித்தால் அது படிப்பு இல்லை என்று யாராவது சொல்வார்களா?

பிரெஞ்சு ஓவியர் மத்தீஸ் 1941இல் பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகு நெடுநேரம் நின்று வரைய முடியாமல் போனார். உதவியாளர்கள் குவாஷ் வர்ணம் பூசித் தந்த காகிதங்களைக் கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டினார். குவாஷ் என்பது நம் நீர்வர்ணத்தின் கனமான உறவுக்காரன். அப்படிச் செய்த படங்கள் 1947இல் புத்தகமாகவே வந்தன. 1954 நவம்பர் 3ஆம் தேதி, எங்கள் புதுச்சேரி இந்தியாவின் கைக்கு வந்து இரண்டே நாள் கழித்து, அவர் இறந்தார். கத்தரித்தது படமாகுமா என்று இன்று யாரும் கேட்பதில்லை. நான் மத்தீஸ் இல்லை. ஆனால் கை ஒத்துழைக்காதபோது வேறு கருவியைத் தேடுவது குறுக்குவழி அல்ல என்பதற்கு அவர் சாட்சி.

எனவே என் வயதுக்காரர்களுக்குச் சொல்கிறேன். "இனி என்னால் முடியாது" என்று பேனாவை மூடி வைத்தவர்கள் ஒரு வெண்டைக்காயை எடுத்துக்கொண்டு உட்காருங்கள். வருடத்துக்கு ஐந்து அட்டை போதும். வரவில்லையே என்று கேட்க எங்கோ ஒருவர் இருக்கிறார்.

என் அட்டைகளில் இப்போது கையெழுத்து இல்லை. கீழே வலது மூலையில் பெருவிரலைப் பழுப்பு வர்ணத்தில் தோய்த்து வைக்கிறேன். அது காய்ந்ததும் பேனாவால் ஒரு மூக்கு, இரண்டு கால். சிட்டுக்குருவி. கை நடுங்குவதால் கால்கள் கோணலாக வரும், குருவி இப்போதுதான் வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கும். இந்தத் தையில் ஓவிய ஆசிரியருக்கும் ஒன்று தபாலில் போட்டேன், ஒரே தெருவாக இருந்தாலும். அதை அவர் வீட்டு ஷோகேஸில் வைத்திருக்கிறார் என்று மனைவி பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.