துரு ஊரைப் பார்த்துத்தான் வரும்

ஹைதராபாத்தில் புது கார் எடுக்கிற நம்ம ஆட்கள் எல்லோரும் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். இன்சூரன்ஸ், எக்ஸ்டெண்டட் வாரண்டி, சீட் கவர் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும்போது சேல்ஸ் தம்பி கடைசியாக மெதுவாக எடுத்து விடுவார்: "ஆன்ட்டி-ரஸ்ட் கோட்டிங் போட்டுரலாமா சார்? எல்லாரும் போட்டுக்கறாங்க சார்." சில ஆயிரம் ரூபாய்தான். பல லட்சம் கொடுத்து வாங்குகிற வண்டிக்கு இதில் போய் என்ன கணக்குப் பார்ப்பது என்று நாமும் தலையாட்டி விடுவோம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஹைதராபாத்தில் ஓடப்போகிற காருக்கு இது வேண்டாம். ஆனால் அதோடு கதை முடியவில்லை. நம்மில் எத்தனை பேர் இங்கேயே இருக்கப்போகிறோம்? இன்றைக்கு கொண்டாப்பூர், நாளைக்குத் திருவான்மியூர், அதற்கடுத்து எங்கேயோ. அங்கேதான் விஷயமே இருக்கிறது.

துரு பற்றிய பயம் நமக்கு இரண்டு திசையிலிருந்து வருகிறது. சென்னையிலிருந்து அப்பா போனில், "போட்டுடுப்பா, துரு பிடிச்சா அப்புறம் ஒண்ணும் பண்ண முடியாது" என்பார். டொராண்டோவிலிருந்து மச்சான், "வருஷா வருஷம் ஆயில் அடிக்கலைன்னா அடியில ஓட்டை விழுந்துடும்" என்பான். இரண்டு பேர் சொல்வதும் சரி. அவரவர் ஊருக்குச் சரி.

இரும்பு துருப்பிடிக்க தண்ணீரும் ஆக்சிஜனும் போதும். உப்பு சேர்ந்தால் வேலை மளமளவென்று நடக்கும். உப்புத் தண்ணீரில் மின்சாரம் சுலபமாகப் பாயும். துரு என்பதே ஒரு குட்டி பேட்டரி வேலைதானே! இன்னொரு சங்கதியும் உண்டு. சாப்பாட்டு உப்பு, காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் தானாகவே தண்ணீரை இழுத்துக் கசிய ஆரம்பித்துவிடும். மழைக்காலத்தில் உப்பு ஜாடியைத் திறந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். கடலோரச் சென்னையில் பல இரவுகளில் ஈரப்பதம் இதற்கு மேலேதான். கடல் காற்று கொண்டுவந்து பூசிவிட்டுப் போன உப்பு, மழையே இல்லாமல் கார் அடியில் ராத்திரி முழுக்க ஈரமாகவே இருக்கும்.

உப்பு என்ன செய்யும் என்று பார்க்க பாம்பன் பாலத்தைவிட நல்ல பாடம் இல்லை. 1914-ல் திறந்த ரயில் பாலம். உலகிலேயே துரு அதிகம் தாக்கும் இடங்களில் ஒன்று என்று பெயர் வாங்கிய கடல் அது. ஓயாமல் பராமரித்தும் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தவேண்டி வந்தது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியும் விசேஷ பெயிண்டும் போட்டிருக்கிறார்கள். நம்ம காரைக்குடியில், அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்திலும் பணத்திலும் எழுந்து 1953-ல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம், எந்த ஊரில் எவ்வளவு துரு என்று இந்தியாவுக்கே வரைபடம் போட்டிருக்கிறது. ஆக, துரு ஊருக்கு ஊர் மாறும் என்பது நான் கண்டுபிடித்ததில்லை :-)

கனடாவில் கடல் பக்கத்தில் இருக்கவேண்டிய அவசியமே இல்லை. பனியை உருக்க ரோட்டில் உப்பைக் கொட்டுகிறார்கள். வெறும் உப்பு சுமார் மைனஸ் 10 டிகிரி வரைதான் உருப்படியாக வேலை செய்யும். அதற்குக் கீழே போனால் கால்சியம் குளோரைடு, மெக்னீசியம் குளோரைடு கலவை வரும். இவை 30 சதவீதச் சொச்சம் ஈரப்பதத்திலேயே தண்ணீரை இழுப்பவை. காயவே காயாது. சூடேற்றிய கராஜில் காரை விட்டால் நல்லது என்று தோன்றும், உண்மையில் உப்புப் பனி உருகி, வெதுவெதுப்பில் துரு இன்னும் வேகமெடுக்கும். கம்பெனிக்காரன் பார்த்துக்கொள்வான் என்றும் இருக்கமுடியாது. டகோமா, டன்ட்ரா, செகோயா வண்டிகளின் சேஸி துருப்பிடித்த அமெரிக்க வழக்கில், 2016-ல் டொயோட்டா தப்பை ஒப்புக்கொள்ளாமலே, சுமார் 340 கோடி டாலர் மதிப்புள்ள சமரசத்துக்கு இறங்கி வந்தது. அதனால் மச்சான் ஆயில் அடிக்கட்டும். மூன்று நான்கு வருட லீஸ் வண்டி என்றால் அவனுக்கும் வேண்டாம், பத்து வருடம் ஓட்டப்போகிறான் என்றால் கட்டாயம் வேண்டும்.

இப்போது ஹைதராபாத்துக்கு வருவோம். கடலிலிருந்து ஏறக்குறைய 300 கிலோமீட்டர் உள்ளே, 500 மீட்டருக்கு மேல் உயரத்தில், தக்காணத்துப் பாறை மேல் உட்கார்ந்திருக்கிற ஊர். கோடையில் துணி காயப்போட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடும். மழைக்காலத்தில் ஈரம் உண்டு, ஆனால் உப்பு இல்லை. இப்போது வருகிற கார்களின் பாடியை ஃபேக்டரியிலேயே பெயிண்ட் தொட்டியில் முழுசாக முக்கி, மின்சாரம் பாய்ச்சி, மூலைமுடுக்கெல்லாம் ப்ரைமர் ஏற்றுகிறார்கள். பல மாடல்களில் துத்தநாகம் பூசிய தகடும் உண்டு. இதற்கு மேல் டீலர் அடிக்கிற கறுப்புப் பூச்சு இந்த ஊரில் என்னத்தைக் காப்பாற்றப் போகிறது?

அவசரத்தில் அடித்தால் கெடுதலும் உண்டு. கதவின் அடியில், பக்கவாட்டுச் சட்டத்தின் அடியில், தண்ணீர் வடிய சின்னச் சின்ன ஓட்டைகள் இருக்கும். கவனமில்லாமல் ஸ்பிரே அடித்தால் அவை அடைத்துக்கொள்ளும். ரப்பர் மாதிரி கெட்டியாகிற பூச்சில் கல் பட்டு விரிசல் விட்டால், தண்ணீர் உள்ளே புகுந்து வெளியே தெரியாமல் துருவை வளர்க்கும். மின்சாரப் பெட்டி மாட்டினால் துரு வராது என்று யாராவது சொன்னால் கும்பிடு போட்டுவிட்டு வாருங்கள். அந்த வித்தை கடலில் மிதக்கிற கப்பலுக்கும் மண்ணில் புதைத்த குழாய்க்கும் சரி. ரோட்டில் ஓடுகிற காருக்கு வேலைக்காகாது.

அப்படியானால் எப்போது போடுவது? கார் வாங்கும்போது இல்லை, ஊர் மாறும்போது. நான் அழுத்திச் சொல்ல வருவது இது ஒன்றைத்தான். "இப்போ போடலைன்னா எப்பவுமே முடியாது சார்" என்று டீலர் அவசரப்படுத்துவார். ஹைதராபாத்தில் அந்த அவசரத்துக்கு நியாயம் இல்லை. உப்பே படாமல் நான்கைந்து வருடம் ஓடிய காரின் அடி பெரும்பாலும் சுத்தமாகவே இருக்கும். பெசன்ட் நகருக்கோ, தூத்துக்குடிக்கோ, விசாகப்பட்டினத்துக்கோ மாற்றல் வந்தால், கிளம்புவதற்கு முன்னால் இங்கேயே அடியைக் கழுவி, வெயிலில் நன்றாகக் காயவைத்து, கதவு, சட்டங்களின் உட்புறம் மெழுகு மாதிரி இளகி நிற்கிற பூச்சை அடித்துக்கொண்டு போங்கள். உப்பு வருவதற்கு முன்னால் அடிப்பதுதான் முக்கியம். வந்த பிறகு மேலே பூசினால் திருடனை உள்ளே வைத்துக் கதவைப் பூட்டின கதை. ஊர் மாறவில்லையா, அந்தக் காசு உங்கள் பையிலேயே இருக்கும்.

அதுவரை செய்யவேண்டியது கொஞ்சம்தான். ஊருக்குப் போய் ஈ.சி.ஆரில் சுற்றிவிட்டுத் திரும்பினால், வந்த கையோடு காரின் அடியில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். அபார்ட்மெண்ட் போர் தண்ணீரில் கழுவினால் வெள்ளைத் திட்டு விழும், கடைசி இரண்டு பக்கெட் நல்ல தண்ணீராக இருக்கட்டும். கதவு ஓட்டைகளில் சேரும் சேற்றைக் குச்சியால் எடுத்துவிடுங்கள். கல் பட்டு பெயிண்ட் பெயர்ந்த இடத்தில் டச்-அப் பெயிண்ட் வையுங்கள். 2020 அக்டோபர் மாதிரி வெள்ளம் வந்து கார் உள்ளே தண்ணீர் புகுந்தால், கார்ப்பெட்டைக் கழற்றிக் காயவைக்காமல் விடாதீர்கள்.

பழைய கார் வாங்குகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதை. எந்த ஊர் நம்பர் என்று மட்டும் பார்க்காதீர்கள், கார் எந்த ஊரில் நின்றது என்று கேளுங்கள். ஸ்டெப்னி வைக்கிற குழி, சீட் தண்டவாளம், கார்ப்பெட்டுக்கு அடியில் உள்ள தகடு, இந்த மூன்று இடத்திலும் கைவிட்டுப் பாருங்கள். சென்னையில் 2015-லும் 2023-லும் வெள்ளத்தில் முங்கிய கார்கள் கொஞ்சநஞ்சமில்லை. அடியில் புத்தம் புதுசாகக் கறுப்புப் பூச்சு பளபளத்தால் சந்தோஷப்படாதீர்கள். எதை மறைக்க அடித்தார்கள் என்று முதலில் கேளுங்கள்.

ஊர் விட்டு ஊர் வந்து பிழைக்கிற நமக்கு, "எதுக்கும் இருக்கட்டும்" என்று எல்லாவற்றுக்கும் காசு கட்டிவிடுகிற பழக்கம் உண்டு. எந்த ஊரும் நிரந்தரமில்லை என்கிற பயம்தான் காரணம். அந்த பயத்தைத்தான் ஷோரூமில் பாக்கெட் போட்டு விற்கிறார்கள். அடுத்த முறை அந்தத் தம்பி கேட்டால், "ஊர் மாறும்போது பார்த்துக்கறேன்பா" என்று சொல்லிப் பாருங்கள். என்ன நான் சொல்றது?