கொழுந்துக்குக் காற்று! கொய்தவளுக்குப் புகை!

கண்டி மாநகரிலிருந்து ஹந்தானை மலைப் பாதையில் ஏறுவோர், மூன்று கல் தொலைவில் நான்கு மாடிக் கட்டடமொன்றைக் காண்பர். 1925ஆம் ஆண்டில் தேயிலைத் தொழிற்சாலையாக எழுந்த அக்கட்டடம் 2001 முதல் தேயிலை நூதனசாலையாக விளங்குகின்றது. உல்லாசப் பயணிகள் அங்கு சென்று பழைய இயந்திரங்களைப் பார்க்கின்றனர். மேல்மாடியில் அமர்ந்து தேநீர் அருந்துகின்றனர். படம் பிடித்துக்கொண்டு திரும்புகின்றனர். நாமும் சென்றோம். நம் கண்ணை உறுத்தியவை இயந்திரங்கள் அல்ல. சன்னல்கள்!

மாடிதோறும் வரிசை வரிசையாகச் சன்னல்கள். யாருக்காக? மனிதருக்காக அன்று. கொழுந்துக்காக! பறித்த பச்சைக் கொழுந்தின் எடையில் முக்கால் பங்குக்கு மேல் நீர். அந்நீரின் ஒரு பகுதியை மெல்ல வற்றவைத்தாலன்றி இலையை அரைக்க முடியாது; அரைத்தாலும் தேயிலை தேறாது. ஆகையால், மேல்மாடிகளில் தட்டுத் தட்டாக இலையைப் பரப்பி, பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் வரை அதற்குக் காற்றூட்டினார்கள். மழைக்காலத்துக்கு ஒரு முறை, வெயில் காலத்துக்கு ஒரு முறை. வெளிக்காற்றில் ஈரம் மிகுந்தால் சன்னலை அடைத்துச் சூடேற்றிய காற்றைச் செலுத்துவர். காற்று உலர்ந்திருந்தால் சன்னலைத் திறந்துவிடுவர். ஈரக்குமிழ் வெப்பமானி ஒன்று, உலர்குமிழ் வெப்பமானி ஒன்று. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நாழிகைக்கு நாழிகை பார்த்துக் குறிப்பதற்கு ஓர் ஆள். பருவமறிந்து காற்றைப் பயன்படுத்தும் கலையைத் தோட்டத் துரைமார் அறியாதவர்கள் என்று இனி எவரும் கூறற்க. நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

அந்தக் கொழுந்தைப் பறித்தவள் மாலையில் எங்கே திரும்பினாள்? பத்தடிக்குப் பன்னிரண்டடி காம்பராவுக்கு. முன்னே ஓர் இஸ்தோப்பு, ஒரு கதவு. பின்னே சுவர். அந்தச் சுவருக்கு அப்பால் வெளி இல்லை. அவளைப் போன்ற இன்னொருத்தியின் காம்பரா!

இதுதான் இரட்டை லயன். முதுகோடு முதுகு ஒட்டிய இரு வரிசை. நடுவில் ஒரே சுவர். மேலே ஒரே முகடு. இந்த அமைப்பின் கேட்டை விளங்கிக்கொள்ளப் பொறியியற் பட்டம் வேண்டுவதில்லை. காற்று ஓர் அறைக்குள் புக வேண்டுமானால் அது வெளியேறவும் வழி இருத்தல் வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களில் திறப்பிருந்தால் காற்று ஊடறுத்துச் செல்லும். அதற்கு இடமில்லையேல், சூடேறிய காற்று மேலெழும் இயல்பைக் கொண்டு முகட்டில் ஒரு வாயில் வைத்தாவது வெளியேற்றலாம். இரட்டை லயனில் முதலாவது வழி பிறப்பிலேயே அடைபட்டது. இரண்டாவதை எவரும் திறக்கவில்லை. யாழ்ப்பாணத்துக் கமக்காரன் தன் வெங்காயத்தைப் பிடியாகக் கட்டிக் கூரையில் தூக்குகின்றானே, ஏன்? குவித்து மூடினால் அழுகும் என்று அவனுக்குத் தெரியும். வெங்காயத்துக்குக் காட்டும் பரிவை மனிதக் குழந்தைக்குக் காட்டுங்கள் என்றே நாம் கேட்கின்றோம்.

இந்தக் கொட்டடிகள் எப்படி வந்தன? கோப்பிக் காலத்தின் பிள்ளைகள் இவை. கோப்பி பருவப் பயிர். பழம் பறிக்கும் காலத்துக்குத் தமிழகத்திலிருந்து நடந்து வந்தவர்கள் பறித்து முடித்ததும் திரும்பிவிடுவார்கள் என்பது துரைமாரின் கணக்கு. சில மாதம் தங்குபவனுக்குச் சன்னல் எதற்கு? அதன் பின் 1869இல் இலைநோய் தோன்றிக் கோப்பியைத் தின்றது. அதற்கு இரண்டாண்டுகளுக்கு முன்னரே, 1867இல், இதே கண்டிச் சீமையின் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். தேயிலை ஆண்டு முழுவதும் கொழுந்து தரும் செடி. ஆண்டு முழுவதும் ஆள் வேண்டும். பயிர் மாறிற்று, தொழிலாளி நிரந்தரக் குடியானான், பிறப்பும் இறப்பும் மலையிலேயே என்றாயிற்று. கொட்டடியின் கோலம் மட்டும் மாறவில்லை.

அறியாமையால் நேர்ந்தது என்பார் உளர். சட்டம் படித்தவர்கள் என்ற முறையில் அவர்கள் முன் இரு சட்டங்களை வைக்கின்றோம்.

1909ஆம் ஆண்டில் பிரித்தானியப் பாராளுமன்றம் வீடமைப்பு, நகரத் திட்டமிடற் சட்டத்தை நிறைவேற்றியது. தொழிலாளருக்கென முதுகோடு முதுகு ஒட்டிய வீடுகளை இனிக் கட்டலாகாது என்று அது தடை செய்தது. காரணம்? காற்று ஊடறுத்துச் செல்ல வழியில்லாத வீடு மனிதருக்கு உகந்ததன்று என்பதுதான். (முன்னரே அனுமதி பெற்ற தெருக்கள் என்ற ஓட்டையின் வழியே லீட்ஸ் நகரத்து முதலாளிகள் 1937 வரை கட்டித் தள்ளினார்கள் என்பது வேறு கதை. ஓட்டை தேடும் முதலாளி எந்நாட்டிலும் உண்டு.) மூன்றாண்டு கழித்து, 1912இல், அதே முடியின் கீழிருந்த இலங்கையில் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் பிறந்தது. லயன்களையும் அவற்றின் சுற்றுப்புறத்தையும் ‘ஓரளவு நல்ல’ சுகாதார நிலையில் வைத்திருத்தல் தோட்டத்துரையின் கடமை என்று அச்சட்டம் கூறிற்று. ஓரளவு! இந்த ஒரு சொல்லின் மேல் எத்தனை துரைமார் நிம்மதியாக உறங்கினர்! எந்த அளவு, யார் அளப்பது, குறைந்தால் என்ன செய்வது? இங்கிலாந்தின் தொழிலாளிக்குத் தடை என்ற உறுதியான சொல். இலங்கையின் தமிழ்த் தொழிலாளிக்கு ‘ஓரளவு’ என்ற வழுக்குச் சொல். அறியாமை என்று இதனை எப்படி ஏற்பது?

வெள்ளைத்துரை போனான், விடிந்ததா? 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கிற்று. வாக்கில்லாதவன் வாசலுக்கு எந்த அமைச்சர் வருவார்? 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் தனியார் கம்பனிகளிடம் சென்றது. கைகள் மாறின, சுவர் மாறவில்லை. 1987இன் பிரதேச சபைச் சட்டமோ, அதன் 33ஆம் பிரிவினால், தோட்டத்துக்குள் சபை ஒரு சதமேனும் செலவிட முடியாதபடி கையைக் கட்டிப்போட்டது. தோட்டத்து வாக்கில் வென்ற உறுப்பினர், தோட்டத்து லயனுக்கு ஒரு புகைபோக்கி வைக்கக்கூடப் பணம் ஒதுக்க இயலாத விந்தை முப்பதாண்டு நீடித்தது. 2018இல்தான் அப்பிரிவு திருத்தப்பட்டது.

சென்ற ஒரு மார்கழியில், கலஹாவுக்கு அப்பாலுள்ள தோட்டமொன்றுக்குச் சென்றிருந்தோம். தோட்டத்தின் பெயர் வேண்டாம். எந்தத் தோட்டத்தின் பெயரை இங்கு இட்டாலும் பெரிதும் பொருந்தும். பிற்பகல் நான்கு மணி. வாடை மழை விட்டபாடில்லை. காம்பராவுக்குள் கவ்வாத்து மிலாறு அடுப்பில் புகைகின்றது. ஈர விறகு. மேலே கொடியில் நனைந்த துணிகள். சுவரில் இடுப்பளவுக்குக் கரும்பாசி. நிமிர்ந்து நின்றால் கண் எரிகின்றது. குனிந்தால் மட்டுமே மூச்சு விட முடிகின்றது. இருமலோடு எழுந்து வந்த மூதாட்டியிடம், முன்சுவரில் இருந்த சிறு சன்னலை ஏன் சாக்கினால் அடைத்திருக்கிறீர்கள் என்று கேட்டோம். “தொறந்தா மழை உள்ளுக்கு வருதுங்க ஐயா. அடைச்சா பொகை வெளிய போகுதில்ல. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லுங்க” என்றார்.

விடை சொல்ல முடியாமல் நின்றோம்.

தோட்ட நிர்வாகிகளிடம் பேசிப் பாருங்கள். “நாங்கள் சன்னல் வைத்தோம், அவர்களே அடைத்துவிட்டார்கள்” என்று முதல் வாக்கியமாகவே கூறுவர். வழக்கு மன்றத்தில் இதனைப் பங்களிப்புக் கவனயீனம் என்போம். நல்ல வாதந்தான், ஆனால் மலையேறி வந்து பார்த்தால் நிற்காத வாதம். மழை அடிக்கும் பக்கத்தில், படுக்கும் பாயின் தலைமாட்டில், மேலே ஒரு தாழ்வாரமேனும் நீட்டாமல் வைத்த சன்னலை, மார்கழி தை மாதக் குளிரில் எந்தத் தாய் திறந்து வைப்பாள்? காற்றோட்டம் என்பது பருவத்தோடு ஒத்துப்போக வேண்டும். சோழகம் வீசும் வைகாசி முதல் ஆவணி வரை ஒரு பக்கம். ஐப்பசி அடைமழைக்கு ஒரு வகை. வாடைக் குளிருக்கு வேறொரு வகை. தலைக்கு மேலே, கூரை தாழும் இடத்தில், மழை புகாதபடி மறைப்பிட்ட சிறு திறப்பு ஆண்டு முழுவதும் மூடாமல் இருக்க வேண்டும். பெரிய சன்னல் விருப்பம்போல் திறந்து மூட. அடுப்புக்குத் தனியாகப் புகைபோக்கி. கொழுந்து மடுவத்தில் இவையனைத்தையும் செய்யத் தெரிந்தவர்களுக்குக் காம்பராவில் செய்யத் தெரியாமற் போனது எங்ஙனம்?

“காசநோய்க்கு மருந்து வந்துவிட்டதே, சன்னலைப் பற்றி ஏன் கூச்சல்?” என்று வினவும் மருத்துவ நண்பர்களும் உளர். அவர்கள் சென்னையில் நடந்த புகழ்பெற்ற ஆய்வைக் காட்டுவர். நெருக்கமான ஏழை வீட்டில் இருந்து மருந்துண்டவரும், காற்றோட்டமான சானட்டோரியத்தில் இருந்து மருந்துண்டவரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர் என்று 1959இல் அந்த ஆய்வு காட்டியது. உண்மை, மறுக்கவில்லை. நோயைத் தீர்ப்பது மருந்து. ஆனால் அதே ஆய்வு இன்னொன்றையும் உணர்த்திற்று: கூட வாழ்வோருக்கான ஆபத்துப் பெரும்பாலும் சிகிச்சை தொடங்குமுன்னரே நேர்ந்துவிடுகின்றது. நோய் கண்டறியப்படாத அந்த மாதங்களில் வீட்டாரைக் காப்பது எது? மருந்து அன்று, வெளிக்காற்று. பெரு நாட்டின் லீமா நகர மருத்துவமனைகளை ஆராய்ந்து 2007இல் வெளியான முடிவைப் பாருங்கள். உயர்ந்த கூரையும் பெருஞ்சன்னலும் கொண்டு 1950க்கு முன் கட்டிய அறைகளில், சன்னலைத் திறந்தால், மணிக்கு நாற்பது முறை காற்று மாறியது. பின்னர் கட்டியவற்றில் பதினேழு முறை. இயந்திரத்தால் காற்றூட்டிய அறைகளில் பன்னிரண்டே முறை! கொரோனாக் கொள்ளைநோயும் காற்றின் வழியே பரவுவது என்பதை உலக சுகாதார நிறுவனம் தெளிவாக எழுதுவதற்கு 2021 ஆகிவிட்டது. அதே ஆண்டின் இறுதியில் இலங்கைக்கு வந்த ஐக்கிய நாடுகளின் சிறப்பு அறிக்கையாளர் டொமோயா ஒபொகாட்டா, பத்துக்குப் பன்னிரண்டடி லயன் அறையில் ஒரு குடும்பம் நெருக்குண்டு வாழ்வதைக் கண்டு உலகுக்குக் கூறினார். நம்மவர் நூறாண்டாகக் கூறியதுதான். ஜெனீவாவில் ஒலித்த பின்னரே கொழும்புக்குக் கேட்டது.

புகையையும் மறவற்க. வீட்டு அடுப்புப் புகையால் 2020இல் மட்டும் உலகில் சுமார் 32 இலட்சம் பேர் மாண்டனர் என்பது அதே சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. அடுப்பண்டை யார் நிற்கின்றார்? அவள் இடுப்பில் யார் இருக்கின்றது? பகலெல்லாம் மலையில் நின்றவள், மாலையில் அடுப்பின் முன் நிற்கின்றாள்.

கண்டி நகரத்தில் வாழும் அலுவலர், ஆசிரியர், வழக்கறிஞர் ஆகிய அன்பர்கள் இது நமக்கல்ல என்று பக்கத்தைப் புரட்ட வேண்டாம். மலை சூழ்ந்த கிண்ணம் போன்ற ஊரில் பஸ் வண்டிப் புகை போக்கிடமின்றித் தேங்குவதை நீங்களே நாள்தோறும் சுவாசிக்கின்றீர்கள். கண்ணாடியால் அடைத்த அலுவலகத்தில் குளிர்சாதனம் ஓடுகின்றதே என்கிறீர்கள். சுவரில் மாட்டிய அந்தச் சாதாரணப் பெட்டி வெளிக்காற்றைக் கொணர்வதில்லை. உள்ளேயிருக்கும் காற்றையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கின்றது. நூற்றைம்பது மாணவரை ஓர் அறையில் அடைத்து நடத்தும் தனியார் வகுப்புகளுக்குப் பிள்ளையை அனுப்புமுன் சன்னலை எண்ணிப் பாருங்கள். ஜெர்மானிய அறிஞர் பெட்டன்கோபர், அறைக்காற்றில் கரியமில வாயு பத்து இலட்சத்தில் ஆயிரம் பங்கைத் தாண்டலாகாது என்று 1858இலேயே அளவு வகுத்தார். இன்று அதனை அளக்கும் கருவி கைக்கு அடக்கமாகவே கிடைக்கின்றது.

செய்ய இயலாத காரியமா நாம் கேட்பது? இதே கண்டியில் பிறந்த மின்னெட் டி சில்வா, வட்டாபுளுவவில் அரசாங்க ஊழியருக்கென 1950களில் வீட்டுத் திட்டம் வகுத்தபோது, குடிவரப்போகும் குடும்பங்களிடமே உங்கள் தேவை என்ன என்று கேட்டு, மலைச்சரிவுக்கும் காற்றுக்கும் ஏற்ப வீடுகளை அமைத்தார். எழுதுவினைஞருக்குக் கேட்கப்பட்ட அந்தக் கேள்வி, சில கல் தொலைவில் இருந்த கொழுந்தாளிடம் கேட்கப்படவில்லை.

இப்போது மீண்டும் வீடு கட்டும் பேச்சு எழுந்துள்ளது. இந்திய உதவியில் நான்காயிரம் வீடுகள். 2017இல் நோர்வூட்டில் இந்தியப் பிரதமர் அறிவித்த மேலும் பத்தாயிரம். 2025 நவம்பர் இறுதியில் டிட்வா புயல் கண்டி மாவட்டத்து மலைச்சரிவுகளைப் பெயர்த்துக் குடும்பங்களைத் தெருவில் விட்டதனால் எழுந்த மீள்கட்டுமானம். வரவேற்கின்றோம். ஆனால் வரைபடத்தைக் காட்டுங்கள் என்கின்றோம். ஒற்றைச் சுவரில் ஒரே சன்னல் வைத்துக் கட்டிய தனிவீடு, தனியே நிற்கும் லயன் காம்பராவேயன்றி வேறன்று. சமையலறைக்குப் புகைபோக்கி உண்டா? எதிரெதிர்ச் சுவரில் திறப்பு உண்டா? கூரையோரத்தில் மூடாத காற்றுவழி உண்டா? புது வீடு கிட்டும் வரை லயனில் காத்திருக்கும் குடும்பங்களுக்கு முகட்டில் ஒரு திறப்பு வெட்டிக் கொடுக்க எத்தனை தகரம், எத்தனை நாள் கூலி செலவாகும்?

பிரதேச சபைகளின் கைக்கட்டு 2018இலேயே அவிழ்ந்துவிட்டது. நிர்வாகம் விடவில்லை என்ற பழைய சாக்கு இனி உறுப்பினர்களுக்கு உதவாது. தத்தம் வட்டாரத்து லயன்களில் எத்தனை காம்பராக்களுக்குச் சன்னல் இல்லை, எத்தனைக்குப் புகைபோக்கி இல்லை, எத்தனை பிள்ளைக்காம்பராக்களில் மழைக்காலத்தில் கதவைத் தவிர வேறு திறப்பில்லை என்ற எண்ணிக்கையை அவர்கள் அடுத்த சபை அமர்வில் மேசை மேல் வைக்கட்டும். வைக்காதவர் யார் என்பதை இப்பத்திரிகையில் வட்டாரம் வட்டாரமாக எழுதுவோம். அளப்பதற்கு நூல்நாடா வேண்டுமெனில் நம் அலுவலகத்திலிருந்தே தருகின்றோம்.