பந்தலும் பாடையும்

'வாழ்வே மாயம்', 'பயணங்கள் முடிவதில்லை' இரண்டும் 1982இல் வந்த தமிழ்ப் படங்கள். இரண்டிலும் நாயகனுக்குப் புற்றுநோய். இரண்டிலும் அவன் நோயை மறைத்து, காதலி தன்னை வெறுக்கும்படி நடந்துகொள்கிறான். மலேசியாவில் பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் அந்தப் படங்களின் பாடல்களோடு வளர்ந்த தலைமுறை இன்னும் இருக்கிறது. அவர்கள் வடித்த கண்ணீரில் பொய்யில்லை. ஆனால் சாவு அங்கே ஒருவனின் தியாகமாகச் சுருங்கிப்போனது. உனக்கு என்ன வேண்டும் என்று அந்தப் பெண்ணை யாரும் கேட்கவில்லை.

காதலையும் சாவையும் நம் தெருவில் வைத்துப் பார்த்த படம் மலேசிய இயக்குநர் யஸ்மின் அகமதுவின் 'டேலண்டைம்'. 2009 மார்ச்சில் திரைக்கு வந்தது. பள்ளிப் பாட்டுப்போட்டிக்குத் தேர்வான மெலூரைத் தினமும் மோட்டார்சைக்கிளில் ஒத்திகைக்கு அழைத்துப்போகிறான் மகேஷ். அவனுக்குக் காது கேட்காது, பேச்சு வராது. பேசினாலும் பதில் சொல்லாத திமிர்பிடித்தவன் என்றுதான் முதலில் அவள் நினைக்கிறாள். காதல் அரும்பும் நேரத்தில் மகேஷின் தாய்மாமன் கணேஷின் கல்யாணம் வருகிறது. பக்கத்து முஸ்லிம் வீட்டில் சாவு. மேளச்சத்தம் தகராறாகி, மாப்பிள்ளையின் உயிர் போகிறது. உடன்பிறந்தவனைப் பறிகொடுத்த மகேஷின் அம்மா, முஸ்லிம் பெண்ணான மெலூரை ஏற்க மறுக்கிறாள்.

நமக்கு இது வெறும் கதையில்லை. 2001 மார்ச்சில் பழைய கிள்ளான் சாலையை ஒட்டிய கம்போங் மேடானில் மலாய்க்காரர் வீட்டுக் கல்யாணமும் இந்தியர் வீட்டுச் சாவும் ஒரே நேரத்தில் நேர்ந்தன. அங்கே மூண்ட கலவரத்தில் ஆறு உயிர்கள் போயின. படத்தில் பந்தலும் பாடையும் இடம் மாறியிருக்கின்றன, அவ்வளவுதான். பந்தல் யாருடையது, பாடை யாருடையது என்று பார்த்து அழுகிறவர்களை இந்த இடமாற்றம் திகைக்க வைக்கிறது. யஸ்மினின் துணிச்சல் இதுதான் என்போம்.

இந்தப் படத்தில் காதலர்களைப் பிரிக்க நிற்பது வில்லன் அல்ல, துக்கம். சுகானியா வேணுகோபால் நடித்த அந்த அம்மாவை நம்மால் வெறுக்க முடிவதில்லை. அவளை நமக்குத் தெரியும். மூளைக்கட்டியோடு படுத்திருக்கும் தாயைப் பார்த்துக்கொண்டே பள்ளிக்கு வரும் ஹஃபிஸின் கதையும் கூடவே ஓடுகிறது. அவனைச் சந்தேகித்த சீன மாணவன் கடைசியில் மேடையேறி அவன் பாட்டுக்கு எர்ஹு என்ற சீன நரம்பிசைக் கருவியை வாசிக்கிறான். அங்கே வசனமே இல்லை. வேண்டியதும் இல்லை.

படம் வந்து நான்கு மாதத்தில், ஜூலை 25 அன்று, பெட்டாலிங் ஜெயாவில் யஸ்மின் பக்கவாதத்தால் இறந்தார். வயது 51. அவர் விட்ட இடத்திலிருந்து தமிழில் இன்னும் யாரும் தொடரவில்லை என்பது நம் ஆதங்கம்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் குறும்படம் எடுக்கும் தம்பி தங்கைகளே, நோயாளி நாயகனைக் கொஞ்சநாள் ஓய்வெடுக்க விடுங்கள். அந்த அம்மாவை எழுதுங்கள். கருமாதி முடிந்த வீட்டில் மகன் ஒரு பெண்ணை அழைத்துவந்து நிறுத்தினால் அந்தத் தாய் என்ன செய்வாள்? மனம் இளகுமானால் எந்த நாளில், எதனால்? கதையாகவோ திரைக்கதையாகவோ அனுப்புங்கள். அடுத்த இதழில் அதற்கென்றே பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறோம்.