மைக் கை மாறட்டும்



சித்திரை பாதி கடந்துவிட்டால் விழுப்புரத்தில் லாட்ஜ் அறை கிடைப்பது கஷ்டம். மும்பை, பெங்களூர், ஐதராபாத் என்று எங்கெங்கிருந்தோ திருநங்கையர் புடவையும் நகையுமாக வந்து இறங்குவார்கள். 2019இல் மாவட்டம் பிரிந்தபோது, அவர்கள் வருகிற திருவிழா நடக்கும் கூத்தாண்டவர் கோயிலும் கூவாகமும் கள்ளக்குறிச்சிப் பக்கம் போய்விட்டன. ஆனாலும் வருகிறவர்கள் தங்குவதும், மிஸ் கூவாகம் அழகுப் போட்டிக்கு மேடை போடுவதும் பெரும்பாலும் நம் விழுப்புரத்தில்தான். போட்டி நடக்கிற மாலை கூடுகிற கூட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வீட்டு மாடியில் நின்று பார்ப்பவர்கள், தோளில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருபவர்கள், செல்போனை உயர்த்திப் பிடித்தவர்கள் என்று ஊரே அங்கே இருக்கும்.

2025 மே மாதம் அந்த மேடைக்கு வந்திருந்த நடிகர் விஷால் மயங்கி விழுந்தார். அவர் உடனே தேறிக்கொண்டதில் எல்லோருக்கும் நிம்மதி. அந்தச் செய்தி நாடு முழுக்கப் போனது. அதே மேடையில் திருநங்கையர் என்ன பேசினார்கள், என்ன கேட்டார்கள் என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். பதில் வராது. இதில் விஷாலைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அழைப்பை மதித்து வந்த மனிதர் அவர். குறை, பார்க்க மட்டும் வருகிற நம்மிடம் இருக்கிறது. அழகுப் போட்டிக்கு முண்டியடிக்கிற கூட்டம், அதையொட்டி நடக்கிற கருத்தரங்குகளுக்கு ஏன் வருவதில்லை என்ற கேள்வி எனக்கு வெகுநாளாக உண்டு.

அதனால்தான் இந்த இதழில் திருநங்கை கல்கி சுப்ரமணியத்தைப் பற்றி உங்களோடு பேச நினைத்தேன். பொள்ளாச்சியில் பிறந்தவர், இதழியல் படித்தவர். திருநங்கையருக்காகவே ‘சகோதரி’ என்று தமிழில் ஒரு மாத இதழ் நடத்தியவர். பத்திரிகை நடத்துவதன் சிரமம் தெரிந்த எனக்கு, அவரை நெருக்கமாக நினைக்க அந்த ஒரு காரணமே போதும். 2008இல் சகோதரி அறக்கட்டளையைத் தொடங்கினார். 2011இல் விஜயபத்மா இயக்கத்தில் அவர் நடித்த ‘நர்த்தகி’ படம் வந்தது. திருநங்கையின் கதையில் ஒரு திருநங்கையே கதாநாயகி. நம் சினிமா அதுவரை திருநங்கை என்றாலே கைதட்டலும் கேலியுமாகக் காட்டிப் பழகியிருந்தது. அதே 2011இல் ‘காஞ்சனா’வில் சரத்குமார் ஏற்ற வேடம் பலரை உருக வைத்தது உண்மை. ஆனாலும் அது ஓர் ஆண் நடிகர் ஏற்ற வேடம். கல்கி திரையில் நின்றபோது, தன் வாழ்க்கையின் பக்கத்திலேயே நின்றார்.

படம் கொடுத்த பெயரை வைத்துக்கொண்டு அவர் மேலும் மேலும் படங்களில் நடித்திருக்கலாம். ஆனால் அவர் மேடைகளுக்குப் போனார். கல்லூரிகள், கருத்தரங்குகள், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் என்று போன இடத்திலெல்லாம் பள்ளியில் பட்ட கேலியை, தனிமையை, அதிலிருந்து ஓவியமும் கவிதையும் தன்னை எப்படி மீட்டன என்பதைப் பேசினார். குடும்பம் கைவிடாமல் இருந்தால் ஒரு பிள்ளையின் வாழ்க்கை எப்படி மாறும் என்பதற்குத் தன்னையே சான்றாகக் காட்டினார். பெண்ணுரிமை பேசுகிற கூட்டங்களில் திருநங்கையரையும் பெண்களாகச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டார். எழுதினார், வரைந்தார், திருநங்கையருக்கு வீடியோ எடுக்கவும் ஓவியம் தீட்டவும் பயிற்சி கொடுத்தார்.

ஆனால் எனக்கு அவர் செய்ததில் மிகப் பெரியதாகப் படுவது வேறு. பேசிப் பெயர் வாங்கிய அந்த மனுஷி, மைக்கைக் கீழே வைத்துவிட்டு மற்றவர்கள் கையில் காகிதத்தைக் கொடுத்தாரே, அதுதான். ‘ரெட்வால்’ என்பது அந்தத் திட்டத்தின் பெயர். கையால் செய்த காகிதமும் சிவப்புச் சாயமும் போதும். பாலியல் வன்முறைக்கு ஆளான திருநங்கையர், திருநம்பிகள் தங்களுக்கு நடந்ததைத் தங்கள் மொழியில், தங்கள் கையெழுத்தில் எழுதுகிறார்கள். பிறகு உள்ளங்கையில் சிவப்பைப் பூசி அதே தாளில் பதிக்கிறார்கள். அந்தத் தாள்களை வரிசையாக வைத்தால் அது ஒரு சுவர். கல்லூரிகளிலும் பொது இடங்களிலும் அந்தச் சுவர் எழுந்தது. பார்க்க வருகிற மாணவர் ஒவ்வொரு தாளின் முன்னாலும் நின்று படித்தாக வேண்டும். கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போக அங்கே வழியில்லை.

இதில் மனசு ஆறுமா என்று சிலர் கேட்கலாம். கூவாகத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். பௌர்ணமி இரவில் திருநங்கையர் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்கிறார்கள். அர்ச்சுனனுக்கும் நாக கன்னிக்கும் பிறந்த அரவான், களப்பலிக்கு முந்தின நாள் மணம் முடித்துக்கொண்ட கதை அது. மறுநாள் தேர் போய்ச் சேர்ந்ததும் தாலி அறுகிறது, வளையல் உடைகிறது, ஒப்பாரி எழுகிறது. அந்த அழுகை அரவானுக்கு மட்டும்தானா? வீட்டை விட்டு வந்த நாள், அம்மாவின் சாவுக்குக்கூடப் போக முடியாமல் போனது, காதலித்தவன் விட்டுப் போனது எல்லாம் அதில் சேர்ந்து கரைகிறது. பக்கத்தில் ஒருத்தி தோளைப் பிடித்துக்கொண்டு கூடவே அழுகிறாள். வாய்விட்டு அழ ஓர் இடமும் கூட அழ ஓர் ஆளும் கிடைத்தால் பாரம் குறையும் என்பது நம் கிராமத்துப் பெண்களுக்குத் தெரியாததா? கல்கியின் சுவரும் அப்படி ஓர் இடம் என்றே நினைக்கிறேன். காவல் நிலையத்தில் குறுக்குக் கேள்வி கேட்பார்கள், சிரிப்பார்கள். தாளில் எழுதும்போது யாரும் குறுக்கிடுவதில்லை. முழுதாகச் சொல்லி முடிக்கலாம்.

சொல்லி முடித்த பிறகு நியாயம் கிடைக்க வேண்டும் என்பது அடுத்த வேலை. அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. 2008 ஏப்ரல் 15இல் தமிழ்நாட்டில் திருநங்கையர் நல வாரியம் அமைந்தது. 2014இல் அதே ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றம், தன் பாலினத்தைத் தானே சொல்லிக்கொள்ளும் உரிமை ஒவ்வொருவருக்கும் உண்டு என்று தீர்ப்பளித்தது. 2019இல் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், இந்துத் திருமணச் சட்டம் சொல்கிற மணமகளில் திருநங்கையும் அடக்கம் என்றார். மனம் நிறைகிறது. ஆனால் அதே 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய மாற்றுப் பாலினத்தவர் சட்டத்தின் 18ஆவது பிரிவைப் படியுங்கள். அவர்களைப் பாலியல் ரீதியாகத் துன்புறுத்தினால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரைதான் சிறை. ஒரு பெண்ணை வன்புணர்வு செய்தவனுக்குக் குறைந்தபட்சமே 10 ஆண்டு என்கிறது நம் குற்றவியல் சட்டம். ஒரே வலி, ஒரே பயம். தண்டனை மட்டும் ஏன் இத்தனை மலிவு? மகளிர் தினக் கூட்டங்களில் இந்தக் கேள்வியை ஏன் யாரும் எழுப்புவதில்லை?

பாதிக்கப்பட்டவர்கள் தாங்களே பேசி நியாயம் கேட்பது நம்முடைய திண்டிவனத்துக்குப் புதிதல்ல. பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் அங்கிருந்துகொண்டு எத்தனை ஆண்டுகளாக இருளர் பெண்களின் புகார்களைச் சுமந்து நீதிமன்றப் படியேறியிருக்கிறார்கள்! 2011இல் திருக்கோவிலூர் பக்கம் இருளர் பெண்கள் போலீஸ்காரர்கள் மீதே பாலியல் புகார் கொடுத்தபோதும் துணைக்கு நின்றது அந்தச் சங்கம்தான். 2021இல் இருளர் கதையைச் சொன்ன ‘ஜெய் பீம்’ படம் வந்தது. சூர்யா நடித்தார், இருளர் கல்விக்காக ஒரு கோடி ரூபாயும் கொடுத்தார். செங்கேணியாக நடித்த லிஜோமோல் இருளர் மக்களோடு பழகி அவர்கள் வாழ்க்கையைக் கற்றுக்கொண்டார். அதன் பிறகுதான் வடக்கே இருப்பவர்கள்கூட இருளர் என்றால் யார் என்று கேட்டார்கள். ஒரு நடிகரின் குரலுக்கு உள்ள வலிமை அது. மறுக்க மாட்டேன், நன்றியோடு சொல்கிறேன். ஆனால் படம் வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் கூண்டில் ஏறி நின்று தங்களுக்கு நடந்ததைச் சொல்லியிருந்தார்கள். முதல் பேச்சு அவர்களுடையது.

அமெரிக்காவிலும் இப்படித்தான். ‘மீ டூ’ இயக்கம் என்றதும் 2017இன் ஹாலிவுட் நடிகைகள் நினைவுக்கு வருவார்கள். 2006இலேயே அந்தச் சொற்களை எடுத்து, பாதிக்கப்பட்ட கறுப்பினப் பெண் பிள்ளைகளின் மனக் காயத்துக்கு மருந்து தேடியவர் தரானா பர்க் என்ற சமூகப் பணியாளர்.

இங்கே பிழைக்கிற திருநங்கையரை நாம் தினமும் பார்க்கிறோம். நம் விழுப்புரம் கோட்டத்து நகரப் பேருந்தில் அவர்களும் கட்டணமில்லாமல் பயணம் செய்யலாம் என்று அரசு வைத்திருக்கிறது. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, ‘எங்கேம்மா இறங்கணும்?’ என்று கேட்க நமக்கு எந்த அரசாணையும் தேவையில்லை. விழுப்புரம், திண்டிவனம் கல்லூரிகளின் பேராசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த மார்ச் 8க்குச் சிறப்பு விருந்தினர் தேடும்போது சென்னைக்கு போன் போடுவதற்கு முன், உள்ளூரில் இருக்கிற ஒரு திருநங்கையை, ஓர் இருளர் அக்காவை அழையுங்கள். ஐந்து நிமிட வாழ்த்துரையோடு அனுப்பாமல் முழு நேரத்தையும் அவர்களுக்கே கொடுங்கள். கேட்கிற மாணவிகளில் யாராவது ஒருத்திக்கு, இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்லத் தைரியம் வரலாம். அப்படி வந்தால் உட்கார்ந்து கேட்க ஓர் ஆசிரியையை முன்கூட்டியே ஏற்பாடு செய்து வையுங்கள்.

எங்கள் பங்குக்கு, வரும் சித்திரை இதழில் எட்டுப் பக்கங்களை ஒதுக்கி வைத்திருக்கிறோம். திருநங்கையர், திருநம்பிகள், தங்களுக்கு நடந்ததைச் சொல்ல விரும்பும் எந்தப் பெண்ணும் எழுதலாம். பெயர் வேண்டாம் என்றால் போடமாட்டோம், ஊர் வேண்டாம் என்றால் அதையும் எடுத்துவிடுவோம். பிழை இருக்குமே என்று தயங்காதீர்கள், நீங்கள் எழுதிய நடையிலேயே வரும். எழுத வராதவர்கள், யாரையாவது ஓர் அஞ்சலட்டையில் தகவல் எழுதி அனுப்பச் சொல்லுங்கள். அலுவலகத் தோழிகள் இருவர் நேரில் வந்து, நீங்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டு, படித்துக் காட்டி, நீங்கள் சரி என்ற பிறகே அச்சுக்குக் கொடுப்பார்கள். பங்குனி முடிவதற்குள் வந்து சேரட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்